நடராசனை மேடையிலிருந்து நீக்க வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பேராசிரியர் சுந்தரம் பிள்ளை 1891இல் வெளியிட்ட ‘மனோன்மணீயம்’ நாடகத்தை நெல்லை வட்டாரத்து விழா மேடைகளுக்காகச் சுருக்குவோர், நாயகி மனோன்மணியின் தோழி வாணியின் காதலன் நடராசனை முதலில் வெட்டிவிடுவது எனக்குப் பெரும் வருத்தம் தருகிறது. அண்மையில் நான் பார்த்த ஒரு கல்லூரி மேடையில் அமைச்சன் குடிலனின் சூழ்ச்சியும் போரும் விரிவாக இடம்பெற்றன. நடராசனின் பெயர் மட்டும் ஓரிரு முறை காதில் விழுந்தது.

அவனால் கதை நகர்வதில்லை என்று காரணம் சொல்கிறார்கள். வாணியின் தந்தை சகடன் அவளை அமைச்சர் மகன் பலதேவனுக்குக் கொடுக்க நினைக்கிறான். பாண்டிய மன்னன் சீவகனும் அதற்கு இசைகிறான். ஊர்ப்புறத்தில் தனித்துத் திரியும் நடராசனோ, காலடியில் உள்ள சிறு புல் தேன்துளி ஏந்தி ஈக்களை அழைத்து, காய்த்து, அக்காயை அவனுடைய ஆடையிலேயே தொடுத்துவிடும் திறத்தை வியந்து நிற்கிறான். நாங்கூழ்ப் புழுவை, அதாவது மண்புழுவை, ‘உழுவோர்க் கெல்லாம் விழுமிய வேந்துநீ’ என்று போற்றும் அவன், மண்ணை உண்டு நல்ல சேறாக்கி வெளிக்கொணர்ந்த பின்பும், புகழ் வேண்டாதாரைப் போல ஓர் உருண்டையால் அது தன் குழிவாயை மறைத்துக்கொள்வதையும் கண்டு சொல்கிறான். இத்தகைய கண்ணும் நெஞ்சும் உடையவனையே வாணி விரும்பினாள் என்பதை நேரில் கண்டால்தான், மன்னன் சொல்லுக்கும் இணங்காத அவளுடைய உறுதி பார்வையாளருக்கு விளங்கும். அவன் இல்லாத மேடையில் அது வெறும் பிடிவாதமாகவே தெரிகிறது. பார்வையாளர் சிலர் சிரிக்கவும் செய்தார்கள்.

அந்தத் தனிமொழி நீளமானது என்பது உண்மையே. ஆனால், புல்லையும் புழுவையும் பற்றிய இருபது அடிகளை மட்டும் எடுத்துக்கொண்டு, பின்னணி இசையின்றி, நிதானமாகச் சொல்லக்கூடிய ஒரு மாணவரிடம் கொடுத்தால் போதும். வயலும் வாய்க்காலும் கண்டு வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு அது அந்நியமாக இராது. மேலும், இது பாண்டியன் நெல்லையில் கோட்டை கட்டி வாழ்வதாக அமைந்த நாடகம். ஆசிரியரும் இங்கே பணியாற்றி, கோடகநல்லூர் சுந்தர சுவாமிகளைக் குருவாகக் கொண்டவர். நம் பல்கலைக்கழகமே அந்நாடகத்தின் பெயரைத் தாங்கியிருக்கிறது. பிற ஊர்களில் எப்படிச் சுருக்கினாலும், இங்கே நடிக்கும்போதாவது நடராசனுக்கு ஒரு களம் ஒதுக்குமாறு விழாக் குழுவினரையும் தமிழ்த்துறையினரையும் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
பாளையங்கோட்டை.