மணியத்துக்கு: அந்த நீல நோட்டு இருக்கிறதா?

மணியம்,

சங்குகளை விற்றுவிட்டேன். எல்லாவற்றையும் இல்லை, முக்கால்வாசி. வாட்ஸ்அப்பில் சொன்னால் அடுத்த நிமிஷம் போன் போட்டுத் திட்டுவாய், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். முழுசாகப் படித்துவிட்டு அப்புறம் திட்டு.

மகள் பட்டர்வொர்த்தில் வீடு வாங்கி எங்களையும் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள். தஞ்சோங் பூங்கா மாடி வீட்டை வருஷக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். உன் தங்கச்சி, அதான் என் வீட்டம்மா, "அந்த அலமாரி அங்கே வந்தால் நான் வரமாட்டேன்" என்று ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள். சரி என்று நானும் பல வருஷம் கழித்துக் கீழ் இழுப்பறையைத் திறந்தேன். குப்பென்று காடி வாசம். கூம்புச் சங்கு ஒன்றை எடுத்தேன், விரலெல்லாம் வெள்ளை, விபூதி தொட்ட மாதிரி. ஊதிப் பார்த்தால் அடியில் இருந்த வரியெல்லாம் அரித்துப் போயிருந்தது. பூசணம் என்றுதான் நினைத்தேன். இல்லையாம், இதற்குப் பைன் நோய் என்று பெயர். 1899-ல் பைன் என்ற ஆங்கிலேயர் இதைப் பற்றி எழுதியபோது ஏதோ கிருமி வேலை என்று நினைத்தாராம். உண்மையில் அலமாரிப் பலகையிலிருந்தே அமில ஆவி கிளம்பிச் சங்கின் சுண்ணாம்பைத் தின்கிறது, காற்றில் ஈரம் இருந்தால் இன்னும் வேகமாக. பினாங்கில் ஈரத்துக்கா பஞ்சம்? நாம் தாமான் தாமானாக, வீடு வீடாக அலைந்து கெஞ்சி வாங்கி வந்த அந்தப் பிளைவுட் அலமாரிதான் நம் சங்குகளுக்கு எமன். பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு வைத்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது.

இருபது, இருபத்தைந்து போய்விட்டது. மீதியைத் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவி, நிழலில் நன்றாகக் காயவிட்டு, லேசாகக் குழந்தை எண்ணெய் தொட்டுத் துடைத்தேன். இரண்டு வாரம் குளியலறை முழுக்கச் சங்குதான், வீட்டில் நான் வாங்கிய பேச்சை இங்கே எழுதினால் தாள் போதாது.

வாங்க வந்தவர் ஈப்போக்காரர், சீனர், நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். கையில் பூதக்கண்ணாடி, சின்ன டார்ச். ஒவ்வொரு சங்கின் உதட்டிலும் நகத்தை மெதுவாக ஓட்டிப் பார்த்தார். ஓரம் உடைந்ததை அரம் போட்டுத் தேய்த்து வழவழப்பாக்கி விற்கிற ஆட்கள் உண்டாம், நகத்தில் அது தெரிந்துவிடுமாம். நான் பெருமையாக முன்னால் அடுக்கி வைத்த பளபளப்பான பெரிய சாமான்களை எல்லாம் ஓரமாகத் தள்ளினார். புலிச்சோழி ஒன்று ஐந்து வெள்ளி, அதுவும் எனக்காக. உன் சித்தப்பா கப்பலிலிருந்து கொண்டுவந்தாரே நாட்டிலஸ், அதைத் தொடவே இல்லை. 2017-லிருந்து அது சைட்டிஸ், அதாவது அருகிவரும் உயிரினங்களின் வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் உலக ஒப்பந்தத்தின் பட்டியலில் இருக்கிறது, எல்லை தாண்டி அனுப்ப அனுமதிப் பத்திரம் வேண்டும், எனக்கு அந்தத் தலைவலி வேண்டாம் என்றார். பெரிய கிளிஞ்சல் ஓட்டுக்கும் அதே பதில்.

அப்புறம் நாம் சின்னச் சங்குகளைப் போட்டு வைத்த தீப்பெட்டிகளைத் திறந்தார். அழுக்கு நிறத்தில் ஒரு முள்சங்கு, அதுவும் ஒரு முள் ஒடிந்தது, கூடவே உன் கோழிக்கிறுக்கலில் ஒரு சீட்டு: "கெர்தாக் சங்குல், 12.8.1974, மீனவர் வலை, சேற்றுத் தரை." என்னைப் படித்துச் சொல்லச் சொன்னார். சொன்னேன். அதற்கு அறுபது வெள்ளி கொடுத்தார்! எங்கே, எப்போது, எந்தத் தரையில் எடுத்தது என்று தெரியாத சங்கு வெறும் அலங்காரப் பொருள், தெரிந்தால்தான் அது சேகரிப்பு என்றார். ஐம்பது வருஷத்துக்கு முன்னால் இந்தக் கரையில் என்ன உயிர் இருந்தது என்பதற்கு அந்தச் சீட்டுதான் சாட்சியாம். நீ சீட்டு எழுதும்போதெல்லாம் "பெரிய புரபசர்" என்று உன்னைக் கிண்டல் செய்தது நான்தானே. கெர்தாக் சங்குல் என்ற ஊர்ப் பெயரே சங்கில்தான் வந்தது என்று நாம் நம்பிக்கொண்டிருந்ததும், மலாய் மொழியில் சங்குல் என்றால் கொண்டை என்று அந்த மீன்கார மலாய்ப் பெரியவர், நம் பாக்சிக், சொல்லி நம் முகத்தில் கரி பூசியதும் ஞாபகம் இருக்கிறதா?

இன்னொரு விஷயம், இதை உன்னோடு வைத்துக்கொள். அம்மா தைப்பூசத்தில் தண்ணீர்மலை முருகன் கோயில் அடிவாரக் கடையில் வாங்கிய வலம்புரி பூஜை அறையில் இருக்கிறதல்லவா, அதையும் காட்டினேன், விற்க இல்லை, சும்மா பெருமைக்கு. வாய்க்குள் டார்ச் அடித்து, உள்ளே நடுத்தண்டு மாதிரி இருக்கிற அச்சில் மடிப்பு இருக்கிறதா பார் என்றார். நம் சங்குக்கு உள் அச்சில் மூன்று நான்கு மடிப்பு வரிசையாக இருக்கும். இதில் வழவழவென்று ஒன்றும் இல்லை. அமெரிக்காக்காரச் சங்காம், மெக்சிகோ வளைகுடாப் பக்கத்தது. அந்த இனமே இடப்பக்கம்தான் வாய் திறக்கும், அங்கே அது சர்வ சாதாரணம். நம் சங்கு அப்படிப் பிறப்பது அபூர்வம் என்பதால் இதை வலம்புரி என்று தள்ளிவிடுகிறார்கள். அம்மா அந்தக் காலத்தில் ஒரு மாசச் சீட்டுப் பணத்தைக் கொடுத்தார். வீட்டம்மா இன்றைக்கும் அதற்குப் பூ வைக்கிறாள், நான் வாயே திறக்கவில்லை.

மொத்தம் 1,140 வெள்ளி வந்தது. பாதி உனக்கு, வேண்டாம் என்று சொல்லி என்னைக் கடுப்பேற்றாமல் வங்கி எண்ணை அனுப்பு.

இனிமேல்தான் முக்கியமான சங்கதி. 37 தீப்பெட்டிகளில் வெறும் எண் மட்டும்தான் இருக்கிறது. விவரமெல்லாம் அந்த நீல நோட்டில் எழுதினாய், கோலாலம்பூர் போகும்போது அதை நீதான் எடுத்துப் போனாய், நான் சத்தியம் செய்வேன். பிரிக்பீல்ட்ஸ் வீட்டிலிருந்து மாறும்போது எங்கே வைத்தாய்? மேலே பரணில் பார், கல்யாண ஆல்பம் இருக்கிற பெட்டியில் பார். கிடைத்தால் தபாலில் போடாதே, தொலைந்தால் போச்சு, ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்து அனுப்பு. அந்த ஈப்போக்காரர் அடுத்த மாதம் திரும்ப வருகிறார். 23-ம் எண்ணை மட்டும் முதலில் பார்த்துச் சொல், அது தெலுக் பாஹாங்கா பத்து பிரிங்கியா என்று எனக்கும் அவருக்கும் பந்தயம்.

சேகர்