ஒரு மூடி என்றால் எத்தனை மில்லி? உங்கள் ஃப்ரண்ட் லோடு லிக்விட் பற்றிய புகார்

வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு,

வணக்கம். போன டிசம்பரிலிருந்து உங்கள் ஃப்ரண்ட் லோடு வாஷிங் மெஷின் லிக்விடைத்தான் வாங்குகிறோம், இரண்டு லிட்டர் கேன், இது நான்காவது. லிக்விடைக் குறை சொல்ல வரவில்லை, சாம்பார் கறைகூடப் போகிறது. என் சண்டை மூடியோடு.

கேனின் பின்பக்கம் எறும்பு எழுத்தில் சாதாரணத் துணிக்கு 1 மூடி, அழுக்கு அதிகமானால் 1½ மூடி என்று போட்டிருக்கிறீர்கள். துணி எத்தனை கிலோ, தண்ணீர் உப்பா நல்லதா, அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மூடிக்குள்ளே இரண்டு கோடு இருப்பதே எனக்கு இந்த வாரம்தான் தெரியும். நீல மூடியில் நீலக் கோடு, அதில் நீல லிக்விட், செல்போன் டார்ச் அடித்தால்தான் கண்ணில் படுகிறது, அப்போதும் பக்கத்தில் எண் கிடையாது.

நாங்கள் கோயம்புத்தூர். பழைய வீட்டில் மெஷினுக்குப் போர் தண்ணீர், மூடி நிறைய ஊற்றினாலும் பெரிதாக நுரைக்காது. மார்ச்சில் வீடு மாறினோம், இங்கே மெஷின் குழாயில் சிறுவாணி ஆற்று நல்ல தண்ணீர் வருகிறது. உப்புத் தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் ஊற்றும் சோப்பில் ஒரு பங்கைத் தின்றுவிடும், சிறுவாணியில் தின்ன ஆளில்லை. குளித்தால் சோப்பு வழுவழுப்பு லேசில் போகாத தண்ணீர், அது தெரிந்தும் மெஷின் விஷயத்தில் எனக்கு உறைக்கவில்லை, ஒரு மூடி என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள் அல்லவா.

அப்புறம் துண்டெல்லாம் அப்பளம் மாதிரி விறைத்தது, மாமியாருக்கு முதுகில் அரிப்பு, ஒரு மணி நேரத்தில் முடிகிற சைக்கிள் நுரை அதிகம் என்று தானாகவே அலசலைக் கூட்டிக்கொண்டு இரண்டு மணி நேரம் ஓடியது. கதவு ரப்பர் மடிப்பில் விரலை விட்டால் சாம்பல் நிறத்தில் கொழகொழவென்று ஒட்டியது, வாடை வேறு. சர்வீஸ்காரரை வரச் சொன்னோம். அவர் துவைத்து மடித்து வைத்த துண்டு நாலை எடுத்து, சோப்பே போடாமல் ஓட விட்டார். பத்தே நிமிடத்தில் கதவுக் கண்ணாடியில் பாதிக்கு நுரை! "இது போன மாச சோப்புங்க, இன்னும் துணியிலயே இருக்குது" என்றார். இந்த மெஷின் கொஞ்சத் தண்ணீரில் துணியைத் தூக்கித் தூக்கிப் போட்டுத்தான் துவைக்கிறதாம், நடுவில் நுரை மெத்தையாக நின்றால் அடி எங்கே விழும், அழுக்கு எங்கே போகும். 450 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார்.

உங்கள் எண்ணுக்குக் கூப்பிட்டு ஒரு மூடி எத்தனை மில்லி என்று கேட்டேன். "அழுக்கு அதிகம்னா ரெண்டு மூடி போடுங்க மேடம்" என்று பதில் வந்தது.

சரி என்று மகளின் இருமல் மருந்தோடு வந்த பத்து மில்லி மூடியில் நானே அளந்தேன். உங்கள் மூடி விளிம்புவரை ஏழு தடவை கொள்கிறது, 70 மில்லி. இப்போது நாலு கிலோ துணிக்கு 25 மில்லிதான் ஊற்றுகிறேன், துண்டு மெத்தென்று ஆகிவிட்டது, அரிப்பும் இல்லை. 70 மில்லியில் 28 தடவை வந்த கேன் இப்படிப் போனால் 80 தடவை வரும். மூடியை ஏன் இவ்வளவு பெரிதாகச் செய்தீர்கள் என்று எனக்குச் சந்தேகம் வருவது நியாயம்தானே?

மூடியில் வெள்ளைக் கோடு போட்டு பக்கத்தில் மில்லி எண்ணை அச்சடியுங்கள். எத்தனை கிலோவுக்கு எவ்வளவு, நல்ல தண்ணீருக்கு எவ்வளவு, உப்புத் தண்ணீருக்கு எவ்வளவு என்று கேனில் கண்ணுக்குத் தெரிகிற அளவில் எழுதுங்கள். சர்வீஸுக்குக் கொடுத்த 450 ரூபாயும் எனக்குத் திரும்ப வேண்டும், ரசீது இருக்கிறது.

டார்ச் அடித்து ஒன்று, அடிக்காமல் ஒன்று என்று மூடியின் படம் இரண்டு இணைத்திருக்கிறேன். இரண்டாவது படத்தில் கோடு எங்கே இருக்கிறது என்று உங்கள் ஆட்களையே காட்டச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கோவையிலிருந்து ஒரு வாடிக்கையாளர்