அந்தத் துணியைப் பகல் வெளிச்சத்தில் பார்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் நேற்றுக் கிடைத்தது. பேத்தி பிறந்த சந்தோஷத்தைக்கூட இரண்டு வரியில் முடித்துவிட்டு, "20 நாளாகியும் கண்ணில் மஞ்சள் போகவில்லை" என்று எழுதியிருக்கிறாய். உன் கலக்கம் புரிகிறது.

முதல் வாரத்து மஞ்சள் வேறு. நிறைமாதக் குழந்தைக்கு 14 நாள், குறைமாதக் குழந்தைக்கு 21 நாள் தாண்டியும் நீடித்தால் காரணம் தேடியே ஆகவேண்டும். பெரும்பாலும் தாய்ப்பாலால் வருவதாகத்தான் இருக்கும். நன்றாகக் குடிக்கும், எடை ஏறும், சில வாரங்களில் தானாக வடிந்துவிடும். அதற்காகப் பாலை நிறுத்த வேண்டாம் என்று மகளிடம் சொல்.

ஆனால் பரிசோதிக்காமல் "பால் காமாலைதான்" என்று யார் சொன்னாலும் கேட்டுக்கொண்டு வராதே. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு குழந்தை. கொழுகொழுவென்று இருக்கும், சிரிக்கும். தடுப்பூசிக்கு வந்த அதன் அம்மா, "வெள்ளையாப் போகுது சிஸ்டர்" என்று துணியை நீட்டினாள். பால் குடிக்கிற பிள்ளைக்கு அப்படித்தான் என்று அனுப்பிவிட்டேன். அந்தத் துணியை விரித்துக்கூடப் பார்க்கவில்லை. மூன்று மாதம் கழித்து வந்தபோது வயிறு உப்பி, ஈரல் கல்லாக இறுகியிருந்தது. பித்தநாளம், அதாவது ஈரலிலிருந்து குடலுக்குப் பித்தம் போகும் குழாய், அடைபட்ட குழந்தை ஆரம்பத்தில் ஆரோக்கியமாகவே தெரியும், அதுதான் ஏமாற்றிவிடுகிறது. அடைபட்ட நாளத்தை எடுத்துவிட்டு, குடலை நேராக ஈரலோடு இணைக்கும் கசாய் அறுவை சிகிச்சை இருக்கிறது. 60 நாளுக்குள் செய்தால் பலன் கூடுதல். தள்ளத் தள்ளக் குறையும். பிறகு மாற்று ஈரல்தான் வழி.

அதனால் மலத்தை ஜன்னலோரம், பகல் வெளிச்சத்தில் பார். மஞ்சள், பச்சை, கடுகு நிறம் எதுவானாலும் சரி. சுண்ணாம்போ களிமண்ணோ போல வெளுத்திருந்தாலும், சிறுநீர் துணியில் மஞ்சள் கறை விட்டாலும் அன்றைக்கே டாக்டரிடம் போ. தொப்புளிலோ ஊசி போட்ட இடத்திலோ ரத்தம் கசிந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காதே.

நிறம் சரியாக இருந்தாலும் ரத்தப் பரிசோதனை வேண்டும். மஞ்சள் நிறம் தரும் பிலிருபின் மொத்தம் எவ்வளவு என்பது மட்டும் போதாது, அதில் ஈரல் பதப்படுத்திய 'டைரக்ட்' பகுதி எவ்வளவு என்று பிரித்துக் கேள். அது டெசிலிட்டருக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் என்றால் தாய்ப்பால் காரணமல்ல, குழந்தை ஈரல் நிபுணரைப் பார்க்கணும். தைராய்டும், சிறுநீரில் தொற்று இருக்கிறதா என்பதும் சேர்த்தே பார்ப்பார்கள்.

பதில் கடிதம் வேண்டாம், போன் பண்ணு. துணி என்ன நிறம் என்பதை முதலில் சொல்லு, மற்றதெல்லாம் அப்புறம் பேசலாம்.

அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழி