யாரு மோதினது?

மச்சான்,

தீபாவளிக்கு நீ அனுப்பின மெசேஜுக்கே இன்னும் பதில் போடவில்லை, தெரியும், திட்டுவதைப் போனில் வைத்துக்கொள். இங்கே எல்லோரும் சுகம். மகளுக்கு உயர்தரப் பரீட்சை, அதனால் வீட்டில் டிவிக்கு ஊரடங்கு. மொட்டை மாஸ்டர் இந்த வயதிலும் ஹட்டனில் டியூஷன் கொடுக்கிறார், அதே குடை.

விசயத்துக்கு வருகிறேன். நம்ம தோட்டத்து மேல் டிவிசனில் மரக்கறிப் பாத்தி ஓரம் பன்றிக்குக் கட்டின கம்பியில் சிறுத்தை மாட்டிச் செத்துப்போச்சு. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் அந்தக் கருஞ்சிறுத்தை மாட்டி, சிகிச்சைக்கு உடவளவைக்குக் கொண்டுபோயும் பிழைக்கவில்லையே, அதே மாதிரிச் சுருக்குத்தான். உடனே கூட்டம் போட்டார்கள். வந்தவர்கள் கையில் இங்கிலீஷ் துண்டுப்பிரசுரம், தலைப்பு 'ஹியூமன் லெப்பர்ட் கொன்ஃப்ளிக்ட்'. இங்கிலீஷ் வாத்தியார் சும்மாதானே இருக்கிறார் என்று என்னைப் பிடித்துத் தமிழில் சொல்லச் சொன்னார்கள். பத்திரிகைக்காரர்கள் எழுதுவது போல 'மனித - சிறுத்தை மோதல்' என்றேன். முன்னால் இருந்த கொழுந்தெடுக்கிற அக்கா ஒருத்தி கேட்டாள்: "யாரு சார் மோதினது? எங்க நாயப் புலி தூக்கிட்டுப் போச்சு. நாங்க ஒண்ணும் மோதலயே." கூட்டமே சிரித்தது. எனக்குத்தான் தூக்கம் போய்விட்டது.

நீ கோர்ட்டில் இன்டர்பிரிட்டர் முதலியார், உனக்குச் சொல்லாமல் யாருக்குச் சொல்வேன். லத்தீனில் 'ஃப்ளிகெரே' என்றால் அடிக்கிறது. 'இன்ஃப்ளிக்ட்' அதிலிருந்துதான் வருகிறது, அதில் அடித்தவன் யாரென்று தெரியும். 'அஃப்ளிக்ட்' என்றால் பட்டவன் தெரிவான், நோயோ பஞ்சமோ அவனைப் போட்டு வாட்டும். கொன்ஃப்ளிக்ட்டில் உள்ள 'கொன்' என்பது 'சேர்ந்து'. ரெண்டு பேரும் சேர்ந்து முட்டிக்கொண்டார்களாம், அவ்வளவுதான், யார் முதலில் கை வைத்தது, யார் கையில் கம்பு இருந்தது, ஒன்றுக்கும் பதில் கிடையாது. வினையாகப் போட்டாலும் தப்ப முடியாது, அழுத்தம் மட்டும் முன்னசையிலிருந்து பின்னசைக்குப் போகும். பிள்ளைகள் 'ஹி கொன்ஃப்ளிக்டெட் மீ' என்று எழுதிக்கொண்டு வந்தால் சிவப்புக் கோடு போடுகிறேன், ஒருத்தன் இன்னொருத்தனைக் கொன்ஃப்ளிக்ட் பண்ண அந்த மொழியில் வழியில்லை, ஒன்று இன்னொன்றோடு கொன்ஃப்ளிக்ட் ஆகத்தான் முடியும்.

டைம்டேபிளில் கணக்கும் விஞ்ஞானமும் ஒரே பாடவேளையில் விழுந்தால் இதைவிட நல்ல சொல் கிடையாது. மச்சினனுக்கே கொந்தராத்துக் கொடுக்கிற தலைவருக்கும் 'கொன்ஃப்ளிக்ட் ஒஃப் இன்ட்ரஸ்ட்' அளவெடுத்துத் தைத்த மாதிரி (யாரென்று உனக்குத் தெரியும், சிரிக்காதே). 1949 ஜெனீவா உடன்படிக்கைகளில் 'ஆயுத மோதல்' என்று போட்டதிலும் நியாயம் இருக்கிறது, இல்லாவிட்டால் நாங்கள் போரே அறிவிக்கவில்லையே என்று ஒவ்வொரு அரசாங்கமும் நழுவிவிடும்.

ஆனால் 83-ல் தமிழரை அடித்து எரித்ததையும் அதே கணக்கில் சேர்த்து 'எத்னிக் கொன்ஃப்ளிக்ட்', அதாவது இன மோதல், என்று எழுதுகிறார்கள் பார், அங்கேதான் எனக்குப் பொறுக்கவில்லை. அந்த ஜூலையில் நுவரெலியாவில் கடை எரியும்போது உன் அப்பா யாரோடு மோதினார்? கணக்குக் கொப்பியை மட்டும் சட்டைக்குள் சொருகிக்கொண்டு, காலில் செருப்பில்லாமல் எங்கள் லயத்து வீட்டுக்கு வந்து நின்றார். அம்மா கொடுத்த தேத்தண்ணியைக் குடிக்கக்கூட இல்லை. 1940-ல் முல்லோயாத் தோட்டத்தில் பொலிஸ் சுட்டுத் தொழிலாளி கோவிந்தன் செத்ததை நம்ம கிழவர்கள் யாராவது மோதல் என்று சொல்லிக் கேட்டிருக்கிறாயா? சுட்டுட்டானுங்க என்பார்கள். தொழிலாளி - முதலாளி தகராறுக்குச் சட்டம் எழுதினவர்கள் மட்டும் 1950-ல் 'டிஸ்பியூட்' என்றார்கள், நாம் அதைக் 'கைத்தொழில் பிணக்கு' ஆக்கினோம், சம்பளம் கேட்டவன் துரையோடு கோபித்துக்கொண்டு பேசாமல் இருக்கிற மாதிரி.

சரி, வேலைக்கு வா. துண்டுப்பிரசுரத்தைத் தமிழில் தரச் சொல்லியிருக்கிறார்கள். 'சிறுத்தையால் நமக்கு வரும் தொல்லையும் நம் கம்பியால் அதற்கு வரும் சாவும்' என்று எழுதிக் கொடுத்தேன். நீளமாம், தலைப்புக்குள் அடங்காதாம். சாட்சிக் கூண்டில் யாராவது 'கொன்ஃப்ளிக்ட்' என்ற சொல்லைப் போட்டால் நீ என்ன சொல்லிச் சமாளிக்கிறாய்? வியாழனுக்குள் எழுது, அச்சுக்குப் போகப்போகிறது. ஏப்ரலில் வருவாய்தானே, வரும்போது வவுனியா உளுந்து ரெண்டு கிலோ.