பழைய ரிஜிஸ்டர்களை எடைக்குப் போடாதீர்கள்

சென்னையின் பழைய ஹோட்டல்களை நடத்திவரும் குடும்பத்தாருக்கும் நிர்வாகத்தாருக்கும்,

வணக்கம்.

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு பழைய பேப்பர் கடையில், தராசுத் தட்டில் ஒரு தடித்த ரிஜிஸ்டர் கிடந்தது. காலிகோ அட்டை, முதுகில் கரையான் அரித்த தடம். இடித்துத் தள்ளப்பட்ட ஒரு தங்கும் விடுதியின் 1961-ஆம் வருட வருகைப் பதிவேடு. பெயர், ஊர், வந்த காரணம், அறை எண், வாடகை, கையெழுத்து என்று கட்டம் கட்டமாக. 'வந்த காரணம்' கட்டத்தை விட்டு என் கண் நகரவில்லை. 'ஹைகோர்ட் வாய்தா.' 'கண் ஆபரேஷன்.' 'பெண் பார்க்க.' 'சினிமா சான்ஸ்.' சினிமாவுக்கு வந்தவர் பதினோரு நாள் தங்கியிருக்கிறார். இரண்டு மாதம் கழித்து அதே கையெழுத்து மறுபடியும் வருகிறது. இந்த முறை பாதி வாடகை அறை. மற்ற மூட்டைகள் காலையிலேயே காகித மில்லுக்குப் போய்விட்டன என்றார் கடைக்காரர். எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

பெரிய ஹோட்டல்களின் பெரிய செய்திகள் எப்படியோ தப்பிவிடுகின்றன. 1854-இல் இம்பீரியலாக இருந்த ஹோட்டல் 1886-இல் ஆல்பனியாகி, 1890-இல் கவர்னர் கன்னிமாரா பிரபுவின் பெயரை ஏற்றுக்கொண்டது நமக்குத் தெரியும். மவுண்ட் ரோடில் ஹோட்டல் நடத்திய டி ஏஞ்சலிஸ் 1910-இல் விமானம் பறக்கவிட்டதும் தெரியும். இதையெல்லாம் யாராவது எழுதிவைத்துவிடுவார்கள். ஆனால் உட்லண்ட்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். கிருஷ்ணராவ் 1938-இல் ராயப்பேட்டையில் தொடங்கியது. 1962-இல் வந்த அதன் டிரைவ்-இன் உணவகம் 2008-இல் மூடப்பட்டு, அந்த இடம் செம்மொழிப் பூங்காவாகிவிட்டது. இப்படிப்பட்ட இடங்களில் சின்ன வயதில் வேலைக்குச் சேர்ந்து, சமையற்கட்டிலேயே தலை நரைத்தவர்களின் பெயர் மஸ்டர் ரோல் என்ற வேலையாட்கள் வருகைப் பதிவேட்டைத் தவிர வேறெங்கே இருக்கும்? அரிசி, காபிக்கொட்டை வாங்கிய கணக்கும், கட்டட வரைபடமும் அதே பரணில்தான் கிடக்கின்றன.

நான் கேட்பது பெரிதல்ல. கட்டடத்தை விற்பதற்கோ இடிப்பதற்கோ முன், ஒரு வாரம் அந்தப் பரணைத் திறந்துவிடுங்கள். எழும்பூர் ஆவணக் காப்பகத்திலோ தரமணியில் ரோஜா முத்தையா நூலகத்திலோ ஒரு வார்த்தை கேளுங்கள். கோட்டையூரில் பெயர்ப்பலகை எழுதிய முத்தையா என்ற மனிதர் கல்யாணப் பத்திரிகையைக்கூடத் தூக்கிப் போடாமல் சேர்த்துவைத்ததால்தான் 1994-இல் அந்த நூலகம் நமக்குக் கிடைத்தது. தயவுசெய்து கிழிந்த தாளில் செலோடேப் ஒட்டாதீர்கள், லேமினேட் செய்யாதீர்கள். கட்டுகளைப் பிரித்து அடுக்கவும் வேண்டாம். எந்த அலமாரியில் இருந்தது என்று ஒரு சீட்டு எழுதிச் செருகினால் போதும்.

தங்கியவர்களின் அந்தரங்கம் வெளியே வந்துவிடுமே என்று நீங்கள் தயங்குவது நியாயம். அதற்கும் வழி உண்டு. இத்தனை வருடம் யாரும் திறக்கக் கூடாது என்று எழுதி வாங்கிக்கொண்டே ஒப்படைக்கலாம். மூடி வைத்த பெட்டியை என்றைக்காவது திறக்கலாம், மில்லில் கூழாகிப் போனதை என்ன செய்வது?

அந்த 1961 ரிஜிஸ்டர் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. அந்த விடுதிக் குடும்பத்தார் யாராவது இதைப் படித்தால், முதலில் உங்களிடம்தான் கொண்டுவந்து காட்டுவேன். எங்கே வைப்பது என்பதைச் சேர்ந்து முடிவு செய்வோம். வேறு வருடத்துப் புத்தகம் ஒன்றாவது வீட்டில் மிஞ்சியிருந்தால் சொல்லுங்கள். சினிமா சான்ஸ் தேடி வந்தவர் 1962-லும் வந்தாரா என்று பார்க்க வேண்டும்.

அன்புடன்,
ஒரு சென்னைவாசி