மூன்று வரை போக வேண்டாம் என்றீர்கள், சார்

அன்புள்ள சார்,

நாம் சேர்ந்து எழுதிய கட்டுரையில் இருக்கும் தவறைத் திருத்தச் சொல்லி, நேற்று இரவு இதழுக்கு அந்த மின்னஞ்சலை அனுப்பிவிட்டேன். எந்த ஆய்விதழ், எந்தக் கட்டுரை என்று இங்கே எழுதப்போவதில்லை. உங்களுக்குத் தெரியும், அது போதும். உங்களுக்கும் ஒரு நகல் வந்திருக்கும். இரண்டு முறை போன் செய்தேன். கண் ஆபரேஷனுக்குப் பிறகு நீங்கள் போனையே தொடுவதில்லை என்று உங்கள் வீட்டில் அம்மா சொன்னார்கள். அதையே நம்ப விரும்புகிறேன்.

கும்பகோணத்துக்கு நேரில் வந்து சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தக் கட்டுரையில் வந்த நம் சூத்திரத்தின்மேல் தங்கள் தீசிஸைக் கட்டிக்கொண்டிருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் கண்ணிலும் இது படவேண்டும்.

நீங்கள் எங்கள் ஊருக்கு வந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? மேட்டூர் திறந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியும் முள்ளியாற்றுப் பக்கம் எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வரவில்லை. அப்பா உங்களை வரப்பில் கூட்டிக்கொண்டு நடந்தார். "கடைமடைக்குத் தண்ணி வந்துட்டுதுன்னு பேப்பர்ல போட்டுட்டான் சார். நீங்களே இறங்கிப் பாருங்க, கால்ல புழுதிதான் ஒட்டும்" என்றார். நீங்கள் நிஜமாகவே செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினீர்கள். எத்தனை பேராசிரியர்கள் அப்படி இறங்குவார்கள்?

அப்புறம் அப்பா, என் மகள் என்னதான் படிக்கிறாள் என்று கேட்டார். வாய்க்கால் மேட்டில் உட்கார்ந்து அவருக்குக் காட்ரெல் விதியைச் சொன்னீர்கள். மின்வாயின் (எலெக்ட்ரோடு) பக்கத்தில் இருக்கும் சரக்கு முதலில் தீர்ந்துபோகும், பிறகு ஒவ்வொரு நொடியும் இன்னும் தூரத்திலிருந்து வரவேண்டும், அதனால் மின்னோட்டம் குறைந்துகொண்டே போகும், ஒரு நொடியில் 10 மைக்ரோ ஆம்பியர் என்றால் நான்காவது நொடியில் 5, நூறாவது நொடியில் 1. அப்பா யோசித்துவிட்டு, "அப்ப உங்க மின்வாயும் கடைமடைதான்" என்றார். நீங்கள் சிரித்தீர்கள். ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை. "இல்லைங்க, வாய்க்காலில் தண்ணீர் ஒரு பக்கமாக ஓடும். அயனி அப்படி ஓடாது, திக்குத் தெரியாமல் தடுமாறித்தான் வந்து சேரும்" என்று திருத்தினீர்கள். உவமை எவ்வளவு அழகாக இருந்தாலும் தப்பென்றால் தப்பு. அன்று உங்கள் மேல் எனக்கு இருந்த மரியாதை கொஞ்சநஞ்சமல்ல.

அதே வரப்பில் திரும்பி நடக்கும்போதுதான், நம் சூத்திரத்தில் இருக்கும் ஃபை என்ற எண்ணைப் பற்றிச் சொன்னேன்: "சார், ஃபை 3 போட்டால் செறிவு சுழிக்குக் கீழே போகிறது."

நீங்கள் நின்றீர்கள். அப்பா முன்னால் போய்விட்டார். "மூன்று வரை போக வேண்டாம். அட்டவணையை ஒன்றோடு நிறுத்து" என்றீர்கள். அவ்வளவுதான்.

மற்றவர்களுக்காக ஒரு பத்தி, சார், பொறுத்துக்கொள்ளுங்கள். நொதி பூசிய மின்வாயில் வேதிப்பொருள் படலத்துக்குள் விரவிக்கொண்டே, அதாவது தானாகப் பரவிக்கொண்டே, வினைபுரிகிறது. வினையின் வேகம் 1913-ல் மைக்கேலிஸும் மென்டனும் சொன்ன விதிப்படி. செறிவு u என்றால், அதன் இரண்டாம் வகைக்கெழு, ஃபையின் வர்க்கம் பெருக்கல் u வகுத்தல் (1 + ஆல்ஃபா u)-க்குச் சமம். நொதி எவ்வளவு நிறைந்துவிடுகிறது என்பதை ஆல்ஃபா சொல்கிறது. வினை விரவலை எவ்வளவு முந்துகிறது என்பதை ஃபை சொல்கிறது. சமன்பாடு நேரியல் இல்லாததால், 1999-ல் ஹே கொண்டுவந்த ஹோமோடோபி என்ற தோராய முறையில் முதல் இரண்டு உறுப்பு மட்டும் எடுத்து நிறுத்தினோம். ஆல்ஃபா 1 என்றால், படலத்தின் அடியில், அதாவது மின்வாய்ப் பரப்பில், நம் விடை 1 கழித்தல் ஃபை வர்க்கத்தில் நாலில் ஒரு பங்கு. ஃபை 1-க்கு 0.75 வருகிறது. கணினியில் நேராகத் தீர்த்தால் 0.78. பக்கம்தான். ஃபை 3-க்கு நம் விடை கழித்தல் 1.25, சரியான விடை சுமார் 0.14. செறிவு எப்படி சார் கழித்தலில் போகும்? ஃபை 2-ஐத் தாண்டியதுமே அது சுழிக்குக் கீழே இறங்கிவிடுகிறது. நாமோ "எல்லா மதிப்புகளுக்கும் பொருந்தும்" என்று சுருக்கத்திலேயே எழுதினோம்.

அந்த வரியை எழுதியது நான். உங்கள்மேல் போட்டுவிட்டு நான் நழுவவில்லை. ஃபெலோஷிப் முடிய நாலு மாதம் இருந்தது, வீட்டில் கல்யாணப் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது, அப்பா நகைக்கடன் வாங்கியிருந்தார். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியிருந்தால் இன்னொரு வருஷம் ஆகியிருக்கும். இதெல்லாம் காரணம்தானே தவிர நியாயம் இல்லை என்று தெரியும். ஆனாலும் சார், எனக்கு அப்போது இருபத்தேழு வயது. உங்களுக்கு ஐம்பத்தெட்டு. ஓய்வுக்கு முன் எத்தனை கட்டுரை என்று எண்ணிக்கொண்டிருந்தது நான் இல்லை.

கடைசி வரியை எடுத்துவிடலாமா என்று பார்த்தேன். இருக்கட்டும்.

துறையில் இதைப் படிப்பவர்களுக்கு: சார் யாருடைய தரவையும் மாற்றியவர் இல்லை. அந்த அட்டவணையில் இருந்த எண்கள் எல்லாம் சரியானவை. இல்லாமல் போன வரிசையைப் பற்றி மட்டும்தான் என் பேச்சு. அதற்கு மேல் யாரும் எதையும் ஊகித்து எழுத வேண்டாம்.

எனக்குக் காரைக்குடியைக் காட்டியவர் நீங்கள். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்து உருவான மின்வேதியியல் நிறுவனத்தின் நூலகத்தில், பஸ் அலுப்போடு என்னை உட்காரவைத்து, பழைய தொகுதிகளில் ஒவ்வொரு வருவிப்பையும் பென்சிலால் திரும்பப் போடச் சொன்னீர்கள். "அச்சில் வந்துவிட்டதால் சரி என்று ஆகாது" என்று நீங்கள் சொன்ன இடமும் அதுதான். அந்த வாக்கியத்தை வைத்துக்கொண்டு இத்தனை வருஷம் என்னால் நிம்மதியாகத் தூங்க முடியவில்லை. அதற்காக உங்கள்மேல் கோபம்கூட வந்திருக்கிறது.

திருத்தக் குறிப்பில் புதிய முறை ஒன்றும் இல்லை. முதல் வருஷம் நீங்கள் கரும்பலகையில் காட்டியதுதான்: இருபுறமும் வகைக்கெழுவால் பெருக்கி ஒருமுறை தொகையிட்டால் பாதிச் சமன்பாடு அவிழ்ந்துவிடும், மீதியை எண்முறையில் முடிக்கலாம். ஒரு மதியத்தில் முடிந்துவிட்டது. அன்று வரப்பிலிருந்து வீட்டுக்கு வந்து நாம் இருவரும் உட்கார்ந்திருந்தால் அப்போதே முடிந்திருக்கும்.

ஒப்புதல் கேட்டு இதழிலிருந்து உங்களுக்குக் கடிதம் வரும். கையெழுத்துப் போடுவதும் போடாததும் உங்கள் விருப்பம். புது அட்டவணையைப் பெரிய எழுத்தில் அச்செடுத்து வைத்திருக்கிறேன். கண் தெளிந்ததும் ஃபை 3 வரிசையை மட்டும் பென்சிலால் ஒருமுறை சரிபார்த்துக் கொடுங்கள். அடுத்த ஞாயிறு காலை வருகிறேன்.

உங்கள் மாணவி