ஜோ லாப்சிக்குக்கு ஒரு வரி போதுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

கூடைப்பந்தின் தொடக்ககாலப் பயிற்சியாளர்களைப் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையில் ஜோ லாப்சிக்குக்குக் கிடைத்தது ஒரே வரி: நியூயார்க் நிக்ஸ் அணியை 1951, 1952, 1953 என மூன்று முறை, அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துத் தொடரான என்.பி.ஏ.யின் இறுதிச் சுற்றுக்குக் கொண்டுசென்று மூன்றிலும் தோற்றவர். தகவலில் பிழையில்லை. ஆனால் பள்ளி மைதானத்தில் முப்பது ஆண்டுகள் இந்த ஆட்டத்தைக் கற்றுக்கொடுத்த எனக்கு, அவரை அந்தத் தோல்விகளோடு விட்டுவிட மனம் ஒப்பவில்லை.

நியூயார்க்கை அடுத்த யாங்கர்ஸ் நகரில் செக் குடியேறிகளின் மகனாக 1900இல் பிறந்தவர் லாப்சிக். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. ஆறடி ஐந்தங்குல உயரம். ஒவ்வொரு கூடைக்குப் பிறகும் நடுவட்டத்தில் பந்தை மேலே எறிந்து ஆட்டத்தைத் தொடங்கிய காலம் அது. எகிறித் தட்டும் நெட்டையர் எந்த அணியில் இருக்கிறாரோ, பந்து அந்த அணிக்கு. வெள்ளையர்களின் தொழில்முறை அணியான ஒரிஜினல் செல்டிக்ஸ் 1923இல் அவரைச் சேர்த்துக்கொண்டது.

அவர்களுக்குச் சரியான எதிராளி, நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியைச் சேர்ந்த கறுப்பின அணியான ரென்ஸ். பயணத்தில் ஓட்டல்கள் இடம் தர மறுத்ததால் பஸ்ஸிலேயே தூங்கிய வீரர்கள் அவர்கள். அந்த அணியின் சென்டர், அதாவது நடுவட்டத்தில் லாப்சிக்கை எதிர்த்து எகிறும் ஆட்டக்காரர், டார்சன் கூப்பரை ஆட்டத்துக்கு முன் கைகுலுக்குவதோடு நிறுத்தாமல், கூடியிருந்த அத்தனை பேர் கண்ணெதிரே லாப்சிக் கட்டித்தழுவினார். இன்று நமக்கு இது சாதாரணமாகத் தெரியலாம். அன்றைய அமெரிக்காவில் அது சாதாரணமல்ல.

1950இல் நிக்ஸ் அணி நாட் கிளிஃப்டனை ஒப்பந்தம் செய்தது. என்.பி.ஏ.யின் முதல் கறுப்பின வீரர்களுள் ஒருவர் அவர். பயிற்சியாளர் லாப்சிக்குக்கு அதற்காகக் கிடைத்த பரிசு என்ன? வீட்டெதிரே மரத்தில் அவருடைய கொடும்பாவி தொங்கியது. ஐந்து வயது மகன் ரிச்சர்ட் ஜன்னல் வழியே அதைப் பார்த்தான். தொலைபேசியில் தந்தைக்கு வந்த வசைகளையும் அந்தப் பிள்ளை மாடியில் இருந்த இன்னொரு ரிசீவரில் கேட்டான். அந்தச் சிறுவன்தான் பின்னாளில் விளையாட்டில் இனச் சமத்துவத்துக்காக வாழ்நாள் முழுவதும் உழைத்தவர். ஒரு பயிற்சியாளரின் கணக்கில் இதை எந்தப் பத்தியில் எழுதுவது?

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 1951இல் கல்லூரி வீரர்கள் சூதாடிகளிடம் பணம் வாங்கிக்கொண்டு புள்ளிகளைக் குறைத்து ஆடியது அம்பலமானது. அந்தப் பத்திரிகைச் செய்திகளையெல்லாம் வெட்டி ஒட்டி ஒரு தொகுப்பு வைத்திருந்தார் லாப்சிக். நிக்ஸுக்கு முன் பயிற்சியளித்த செயின்ட் ஜான்ஸ் பல்கலைக்கழகத்துக்கு 1956இல் திரும்பிய பிறகு, அதைத் தம் வீரர்களிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். படித்ததற்குக் கையெழுத்தும் வாங்கினார். எனக்கு இப்படி ஒரு யோசனை தோன்றாமல் போயிற்றே என்று வருந்துகிறேன்.

கோப்பைக் கணக்குதான் வேண்டுமென்றால் அதுவும் இருக்கிறது. செயின்ட் ஜான்ஸ் அவரிடம் நான்கு முறை, கல்லூரி அணிகளுக்கான என்.ஐ.டி. போட்டியில் பட்டம் வென்றது. நான்காவது 1965இல், வயது வரம்பால் அவர் ஓய்வுபெற்ற ஆண்டில். வில்லனோவாவை 55-51 என வீழ்த்திய அந்த இறுதி ஆட்டமே அவருடைய கடைசி ஆட்டம்.

தாம் எதிர்த்து ஆடிய சென்டர்களில் தலைசிறந்தவர் என்று கூப்பரைத்தான் லாப்சிக் சொல்லிவந்தார். 1966இல் கூடைப்பந்துப் புகழரங்கம் லாப்சிக்கை வீரராகச் சேர்த்துக்கொண்டது. கூப்பருக்கு அந்த இடம் 1977இல்தான் கிடைத்தது. லாப்சிக் மறைந்து அப்போது ஏழு ஆண்டுகள் ஆகியிருந்தன. அடுத்த இதழில் இருவரையும் சேர்த்து ஒரு முழுப் பக்கம் எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
திண்டுக்கல்